சாக்பீஸ் கோடு

குற்றவியல் முதுகலை மாணவர்களின் தடயப் பயிற்சியில், அன்று பிணமாகப் படுப்பது மதிவதனியின் முறை.

"எப்படி வேணா படும்மா" என்றார் பேராசிரியர். தரையில் படுத்துக் கண்ணை மூடியவளைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு கிழித்தார்கள்.

"ரெண்டு கையும் தலையை மூடியிருக்கு. முழங்கால் வயித்தோட ஒட்டியிருக்கு. அடிவாங்கிப் பழகின உடம்பு சார். செஞ்சவன் வீட்டு ஆளாத்தான் இருக்கணும்" என்றாள் ஒருத்தி.

"பிரமாதம்! மதி, நல்லா நடிச்ச. எந்திரி."

பிணமாகப் படுத்தவரே தரையையும் துடைப்பது வகுப்பு வழக்கம். மற்றவர்கள் டீ குடிக்கக் கிளம்பினார்கள். ஈரத்துணியோடு குனிந்தவள், தினமும் தான் தூங்கும் விதத்தை முதன்முறையாக மேலிருந்து பார்த்தாள். கைபேசியில் கணவன் அழைத்துக்கொண்டே இருந்தான். துணியை வாளியில் போட்டாள்.

"சார்" என்றாள், வாசலைத் தாண்டப்போனவரிடம். "இன்னிக்கு இதை அழிக்க வேண்டாம்."