கணவாய்ச் செம்மல்

"அந்தத் தாளைக் கிழிச்சுப் போட்டுரு கண்ணு. அய்யா பார்த்தா நம்ம ரெண்டு பேருக்குமே ஆகாது" என்றார் அட்டெண்டர் மைதீன் பிச்சை.

ஆராய்ச்சி மாணவி இஸ்மத் முடிவுகள் எழுதிய தாளை விடவில்லை. ஆராய்ச்சிக்கூட மேசையில் இரண்டு ஐஸ் பெட்டிகள். ஒன்றில் 'கொச்சி', மற்றதில் 'தூத்துக்குடி' என்று சீட்டு. உள்ளே ஊசிக்கணவாய்கள், பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். ஆனால் புரதத்தைப் பிரித்துப் பார்த்த ஜெல்லில் ஒன்றின் நீலக்கோடுகள் மற்றதோடு சேரவே இல்லை. ஒரே பெயரில் விற்பது ஓர் இனமல்ல, இரண்டு. மூன்று முறை செய்து பார்த்துவிட்டாள்.

பேராசிரியர் கோபாலசாமி பதினைந்து வருடமாகச் சொல்லி வருவதோ வேறு. இரண்டு கடலிலும் ஒரே கணவாய்தான்; இங்கே தீர்ந்தால் அங்கிருந்து வந்து நிரம்பிக்கொள்ளும்; பயப்படாமல் பிடிக்கலாம். இதற்காக வெள்ளிக்கிழமை அவருக்குக் 'கணவாய்ச் செம்மல்' பட்டம். மீன்வாடை ஆகாதென்று ஆராய்ச்சிக்கூடத்துக்குள் கால் வைக்காமலே வாங்கப்போகும் பட்டம்.

முன்பு ஒரு மாணவர் அவரிடம் சின்னதாக ஒரு சந்தேகம் கேட்டார். இப்போது பல்லடத்தில் கோழிப்பண்ணை ஒன்றில் முட்டை அடுக்குகிறார். இஸ்மத்தின் ஐந்து வருட உழைப்பு பேராசிரியரின் ஒரு கையெழுத்துக்காகக் காத்திருந்தது.

ஆனாலும் தாளை எடுத்துக்கொண்டு போனாள். மைதீன் பிச்சை பின்னாலேயே வந்து, கதவோரம் நின்றுகொண்டார்.

பேராசிரியர் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, கடலைப் பத்தி உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?" என்று கேட்டார், கடலே இல்லாத காரமடையில் பிறந்து வளர்ந்தவர்.

பிறகு தாளில் விரலை வைத்துத் தட்டினார்.

"தூத்துக்குடிப் பெட்டியை யார் கொண்டாந்தது? மைதீன்தானே?"

"இல்லீங்க சார். அவருக்குக் காய்ச்சல்னு இந்தத் தடவை அதை மட்டும் நானே நேர்ல போயி வாங்கியாந்தேனுங்க."

மைதீன் பிச்சை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். பேராசிரியரின் முகம் மலர்ந்தது.

"அங்கதான் தப்பு. எவனோ உன்னை ஏமாத்தி வேற எதையோ கட்டிக் குடுத்துப்போட்டான். மைதீன் கொண்டாந்ததுல பதினஞ்சு வருஷமா ஒரு கோடு மாறுனதில்ல."

பிறகு தீர்ப்பு வந்தது. இன்றே மைதீன் தூத்துக்குடிக்குப் புறப்பட வேண்டும். கணவாயை எப்படிப் பார்த்து வாங்குவதென்று கற்றுக்கொள்ள இஸ்மத்தும் கூடப் போக வேண்டும். அதற்குப் பிறகும் கோடுகள் சேராவிட்டால் அவள் ஆராய்ச்சியை மூட்டை கட்டிவிடலாம்.

வராந்தாவுக்கு வந்ததும் இஸ்மத்துக்கு அழுகை முட்டியது. திரும்பிப் பார்த்தால், மைதீன் பிச்சையின் முகத்தில் ரத்தமே இல்லை. சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. பாவம், பெற்ற பிள்ளைக்குப் போலத் தவிக்கிறாரே என்று அவளுக்கு நெஞ்சு கனிந்தது.

"எனக்காக நீங்க பயப்படாதீங்க மாமா" என்றாள்.

அவர் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, அவள் காதருகே குனிந்தார்.

"ஏங்கண்ணு, தூத்துக்குடிக்கு எந்த பஸ்ஸுல போகோணும்? பதினஞ்சு வருஷமா ரெண்டு பெட்டியவும் நானு நம்மூரு உக்கடம் மார்க்கெட்டுல ஒரே கூடையிலிருந்துதான் ரொப்பியிருக்கேன்."