துணிக்கொடியில் சுவெட்டர்

லப்பைக்குடிக்காட்டில் வெயில் ஏறியும் கார்த்திகைப் பனி விலகவில்லை. அவரைப் பந்தலுக்கடியில் நின்று, அசுவினிப் பூச்சி மொய்த்த பூங்கொத்துகள் மேல் அடுப்புச் சாம்பலைத் தூவிக்கொண்டிருக்கிறாள் மர்ஜியா. கொல்லைச் சுவரில் மாட்டிய கேமரா கரகரக்கிறது. துபாயிலிருக்கும் கணவன் அப்துல் சலாமின் குரல். "துணிக்கொடியில ஆம்பள சுவெட்டர் காயுது. வூட்டுக்கு யாரு வந்தா?" சாம்பல் அள்ளிய கை அந்தரத்தில் நிற்கிறது. கேமராவின் சிவப்புப் பொட்டு அவளையே பார்க்கிறது. "கேக்குறேன்ல?" அவள் கையைத் துடைத்துக்கொண்டு, ஈரம் உலராத சுவெட்டரைக் கொடியிலிருந்து உருவிப் போட்டுக்கொள்கிறாள். அதன் கைகள் நீண்டு அவள் விரல்களை மூடுகின்றன. "ஏர்போர்ட்ல நீங்க கழட்டிக் குடுத்ததுதாங்க. குளுருக்கு நான்தான் போட்டுக்கிறேன்." பந்தலிலிருந்து பனி சொட்டுகிறது. பிறகு கேமரா முனகியபடி மெல்லத் திரும்பி, கொல்லைக் கதவின் தாழ்ப்பாளில் போய் நிற்கிறது.