சுத்தமான பஸ்கள்

“நாளைக்குச் சோதனை வேண்டாம் சார். ஒரு வாரம் தள்ளிப் போடுங்க,” என்றார் பஸ் முதலாளி.

ஊரில் ஓடும் நாற்பது பஸ்ஸும் அவருடையவை. வாரம் ஒன்றாக ஆய்வுக்கூடத்துக்கு வரும். புகைக்குழாயில் கருவியை மாட்டி அளந்து அனுப்புவார் ஆராய்ச்சியாளர். இந்த வாரத்தோடு அவருக்கு ஓய்வு.

“ஏன் தள்ளணும்?”

“ஒரு பஸ்ஸுக்கு இன்ஜின் போயிடுச்சு.”

“வேற ஒண்ணை அனுப்புங்க.”

முதலாளி நாற்காலி நுனிக்கு வந்தார். சரக்கைக் காட்டாமலே விலை பேசுகிறவரின் தோரணை அது.

“அஞ்சு நாள்?”

“முடியாது.”

“மூணு நாள். உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம்.”

“என்னங்க, கத்திரிக்காயா வாங்கறீங்க?” ஆராய்ச்சியாளர் கண்ணாடியைக் கழற்றினார். “இந்த ஊர்ப் புகைக்கு யார் காரணம்னு என்னைத்தான் கேட்டாங்க. பத்து வருஷமா உங்க பஸ் எல்லாம் சுத்தம். அப்ப செங்கல் சூளைதான்னு எழுதிக் குடுத்தேன். அத்தனையையும் இழுத்து மூடிட்டாங்க. அதுல ஒண்ணு என் மச்சானோடது.”

“கேள்விப்பட்டேன் சார்.”

“சூளை வச்சிருந்த மனுஷன் இப்ப எங்கேயோ வாட்ச்மேனா நிக்கறான். என் வீட்டுக்காரி தட்டுல சோறு வைக்கிறா, பேச்சு கிடையாது. இவ்வளவும் பண்ணி, ஊர் இருமறது நின்னுச்சா? அதுவும் இல்லை.”

முதலாளி திறந்திருந்த கதவைத் திரும்பிப் பார்த்தார்.

“நாளைக்கும் பஸ் சுத்தம்னு வந்தா, நான் சொன்னது சரின்னு ஆகும். மச்சான் முகத்தைப் பார்க்க எனக்கு அந்த ஒண்ணுதான் மிச்சம்.”

“அதுக்குத்தான் சார் கெஞ்சறேன். அந்த இன்ஜினை மட்டும் சரிபண்ணிக்கறேன்.”

“அந்த ஓட்டை பஸ் வராட்டா என்ன குடியா முழுகிடும்? மிச்சம் முப்பத்தொன்பது ஓடிக்கிட்டுத்தானே இருக்கு?”

முதலாளி எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பேரம் பேசியே பழகிய குரல் முதல்முறையாகத் தணிந்தது.

“நம்பர் பிளேட்டுதான் சார் நாற்பது. இத்தனை வருஷமா உங்ககிட்ட வந்துட்டுப் போனது அந்த ஒரே பஸ்தான்.”