கார்ப்பெட் அங்கிள்

"அப்பா, நீங்க ஆபீஸ் போனப்புறம் கார்ப்பெட் அங்கிள் ஏன் வர்றாரு?" என்று மகள் கேட்டதிலிருந்து அவன் மனசு ஒரு நிலையில் இல்லை.

ஒருநாள் சொல்லாமல் வீடு திரும்பினான். கூடத்தில் கார்ப்பெட் சுத்தம் செய்பவருக்கு மனைவி சிரித்தபடி காபி நீட்டிக்கொண்டிருந்தாள்.

"வாரம் தவறாம கூப்பிட அப்படி என்ன அழுக்கு? இல்ல, ஆளைத்தான் பிடிச்சுப்போச்சா?"

அவள் அவனைச் சமையலறைக்கு இழுத்தாள்.

"மெதுவா பேசுங்க. மாமாவுக்கு இப்பல்லாம் பாத்ரூம் போறவரைக்கும் அடக்க முடியல. 'என் பையனுக்கு மட்டும் தெரியவேணாம்மா'ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாரு."

சின்ன வயதில் அவன் நனைத்த போர்வைகளை அம்மாவுக்குக்கூடத் தெரியாமல் அலசிப்போட்டவர் அப்பா.

ஞாயிற்றுக்கிழமை மனைவியும் மகளும் வெளியே போயிருந்தார்கள். நாற்காலியிலேயே தூங்கிவிட்ட அப்பாவின் காலடியில் ஈரம். அவர் கண்விழிக்குமுன், மண்டியிட்டு, சத்தமில்லாமல் துடைத்து முடித்தான்.