மூலை அலமாரியின் சுழல்தட்டு

எப்படிச் சுற்றிவிட்டாலும் மூலை அலமாரியின் சுழல்தட்டு, அத்தையின் காபித்தூள் டப்பா முன்னால் வரும்படியே நின்றது. அத்தை இறந்து ஏழு மாதம் ஆகிறது.

"அம்மா வச்ச மாதிரியே இருந்துட்டுப் போகட்டுமே," என்றார் கணவர்.

பதினெட்டு வருடம் அப்படித்தான் இருந்துவிட்டுப் போனது. நான் தச்சரை வரவழைத்தேன்.

கீழிறங்கி உரசிக்கொண்டிருந்த தட்டை அவர் தூக்கி நிறுத்தி, நடுத்தண்டின் திருகாணியை இறுக்கினார். மேலே ரசமட்டத்தை வைத்தார். குமிழி சரியாக நடுவில் நின்றது. என் தேயிலை டப்பாவை முன்னால் நிறுத்தினார். தட்டு மெதுவாகத் திரும்பியது. காபித்தூள் டப்பா முன்னால் வந்து நின்றது. மூன்று முறை செய்து பார்த்தார்.

"உங்களைவிடப் பிடிவாதமா இருக்கும்மா இது."

"அதையும் பாத்துடலாம்ணே."

அவர் போன பிறகு, தேயிலை டப்பாவை முன்னால் கொண்டுவந்து தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். சற்று நேரத்தில் உள்ளிருந்து இழுத்தது, வயதானவர்கள் இழுப்பதுபோல் விட்டு விட்டு.

"பதினெட்டு வருஷம் நீங்க பாத்தீங்க அத்தை. இனிமே இது என் சமையலறை."

"ஏய், பால் பொங்குது பாரு!" என்று கணவர் கூடத்திலிருந்து கத்தினார். பால் அடுப்பில் வழிந்து கருகியது. நான் கையை எடுக்கவில்லை. உள்ளே இருந்தவரும் எடுக்கவில்லை.