நன்றியுரை

திரையில் ஓடிக்கொண்டிருந்தது அனுசுயா எழுதிய புரோகிராம்.

ஓட்டிக்காட்டியவரோ கல்லூரிக் கணினி மன்றத்தின் தொழில்நுட்பச் சொற்பொழிவுக்குச் சென்னையிலிருந்து வந்த விஜயகுமார். "இது என்னுடைய ஆறு மாத உழைப்பு" என்று நாக்கூசாமல் சொன்னார். அதற்குக் கைதட்டல் வேறு.

அடப்பாவி! நம்பர் தட்டுகிற அந்தப் பச்சைப் பெட்டிகூட அவள் போட்டதுதான்.

கம்பத்திலிருந்து தினமும் ஜீப்பில் மலையேறிக் கேரளத்துக்கு ஏலக்காய் எடுக்கப் போகிற பெண்களுக்காக எழுதியது. கையிலுள்ள அட்டையின் நம்பரைத் தட்டினால், இன்றைக்கு எந்த ஜீப்பில் ஏற வேண்டும் என்று காட்டும். ஜீப்புக்கு ஜீப் அலைந்து திட்டு வாங்குகிற அம்மா பவுனுக்காகத்தான் ஆரம்பித்தாள். பவுனுக்கு எண் தெரியும், எழுத்து தெரியாது.

பார்த்துச் சொல்கிறேன் என்று புரோகிராம் இருந்த சி.டி.யை வாங்கி வைத்துக்கொண்டவர் துறைத்தலைவர் ஞானதுரை. விஜயகுமார் அவருடைய மைத்துனர். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

காலையில் ஒத்திகையில் பார்த்ததுமே ஓடிப்போய் ஞானதுரையிடம் முறையிட்டாள்.

"புரோகிராம்னா எல்லாம் ஒண்ணு போலத்தேன் இருக்கும். நீ வேற புராஜெக்ட் பாத்துக்க. மேடையில நன்றிய மட்டும் சொல்லு, வேற எதுக்கும் வாயத் தொறக்கப்படாது."

அவளுடைய இறுதியாண்டு புராஜெக்டே அதுதான். இனி அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால், காப்பியடித்த கழுதை என்ற பெயர் அவளுக்குத்தான் வரும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களுக்குத் துறைத்தலைவர் நாற்காலி ஒரு கேடா?

சொற்பொழிவு முடிந்தது. நன்றியுரைக்கு அனுசுயாவைக் கூப்பிட்டார்கள்.

எழுதிக்கொடுத்த தாளை மடித்தாள்.

"சார், ஒரே ஒரு சந்தேகம். அங்கன நம்பருக்குப் பதிலா எழுத்தத் தட்டுனா என்ன ஆகும்?"

முன்வரிசையில் ஞானதுரை முறைத்தார். விஜயகுமாருக்கோ சின்னப் பிள்ளையின் கேள்வியாகத் தெரிந்திருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே தன் பெயரைத் தட்டினார். இத்தனை நாளும் சரியான நம்பரையே தட்டிப் பார்த்த மனுஷன்.

பச்சைப் பெட்டி சிவந்தது. தொடக்கத்தில் பாட்டுப் போடுவதற்காக மாட்டிய ஸ்பீக்கர் வயர், லேப்டாப்பிலேயே இருந்தது.

"ஏ ஆத்தா! அங்கன இல்ல, இங்கன தட்டு! பேரு கேக்கல, நம்பரு... நம்பரு!"

அரங்கமே அதிர்ந்தது. பவுனு எழுத்துப் பக்கமே விரலைக் கொண்டுபோகிறாளே என்று, அனுசுயாவே பேசிப் பதிந்து வைத்த குரல்.

"ஏய், இது நம்ம அனுசுயா கொரலுல்ல!" கடைசி வரிசையிலிருந்து வகுப்புத் தோழி முத்துலட்சுமி கத்தினாள்.

விஜயகுமார் பதறிப்போய் எதையோ அழுத்தினார். ஏ ஆத்தா! மறுபடி அழுத்தினார். அங்கன இல்ல, இங்கன!

மைக்கின் முன்னால் அனுசுயா உதட்டை இறுக மூடிக்கொண்டு நின்றிருந்தாள். அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள்.

சிரிப்பு அடங்கியதும், துறைத்தலைவர் சொல்லியிருந்தபடியே, நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினாள்.