குப்புறப் படுங்கள்

யோகா உடையில் கண்ணாடி முன் திரும்பித் திரும்பிப் பார்த்தாள் கார்லிஸ்.

"ஏதாச்சும் துருத்திக்கிட்டுத் தெரியுதா?"

"ஒண்ணும் தெரியல, கண்ணு. அந்த இடுப்புப் பட்டை எல்லாத்தையும் அமுக்கிடுச்சு" என்றான் கணவன் டாயல். "குனிஞ்சா குத்துதா?"

"போட்டிருக்கறதே மறந்துபோகுது!"

டெக்சஸில் அவர்கள் ஊரின் யோகா கூடத்தில் அன்று பன்னிரண்டு பெண்கள். ஆசிரியை லவோன் சுவரில் இருந்த படத்தைக் காட்டினாள்.

"இன்னிக்குப் பாம்பு ஆசனம். எல்லாரும் குப்புறப் படுங்க!"

கார்லிஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எனக்கு வயித்துல தையல் போட்டிருக்கு, மிஸ் லவோன்."

"எனக்கு முதுகு புடிச்சிருக்கு" என்றாள் பக்கத்தில் நின்ற வெர்னா.

"நான் வயிறு முட்டத் தின்னுட்டு வந்துட்டேன்" என்றாள் இன்னொருத்தி.

ஒருத்தியும் படுக்கவில்லை.

"முதல்ல நீங்க செஞ்சு காட்டுங்களேன்" என்றாள் கார்லிஸ்.

லவோன் முகம் சிவந்தது. பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"போதும்டி உங்க பொய்யெல்லாம்!"

இரும்பு அலமாரியைத் திறந்தாள். பனியனைத் தூக்கி, இடுப்புப் பட்டையிலிருந்து தன் கைத்துப்பாக்கியை எடுத்து உள்ளே வைத்தாள்.

"ம், ஒவ்வொருத்தியா வாங்க. பூட்டிடலாம்."

பன்னிரண்டு பேரும் வரிசையில் நின்றார்கள். கார்லிஸ் தன் துப்பாக்கியை உருவியதும் வெர்னா வாயைப் பிளந்தாள்.

"அடியே, துளிகூடத் தெரியலையே! பட்டை எந்தக் கடையில வாங்கின?"